ஐந்நூறு ஒழுக்கமான மாணவர்கள்

முன்னோடிப் பொறியியல் கல்லூரியின் வரவேற்பறையில் ஆளுயர டிவி ஒன்று மாட்டியிருக்கிறது. அதில் கிரிக்கெட் ஓடாது, செய்தி ஓடாது. பச்சை நிறத்தில் ஒரே ஓர் எண் மட்டும் நின்றுகொண்டிருக்கும்: 0.4. கல்லூரி இணையதளத்தில் ஒரு மாணவர் எதையாவது கேட்டால் இத்தனை வினாடியில் பதில் வந்துவிடுகிறது என்று அதற்குப் பொருள். எண்ணுக்கு மேலே தாளாளர் இளம்பரிதியின் படம். எண்ணுக்குக் கீழேயும் அவர் படம். புதிதாக வருகிறவர்கள் நடுவில் இருப்பதைத் தாளாளரின் கண்ணாடிப் பவர் என்று நினைத்துக்கொள்வதுண்டு.

படம் இல்லாத இடம் என்று ஒன்று கல்லூரியில் இருக்கக் கூடாது என்பது தாளாளரின் கொள்கை. சுவர்களில் அதைச் செய்து முடித்த பிறகு இணையதளத்திலும் செய்தார்கள். எந்தப் பக்கத்தில் படத்துக்கான கட்டம் காலியாக இருக்கிறதோ அங்கே சந்தனப் பொட்டும் சால்வையுமாக அவரே வந்து உட்கார்ந்துகொள்வார்.

டிவிக்கு எண்ணைத் தருவது வேகமானி என்ற மென்பொருள். அது வேலை செய்யும் விதம் எளிமையானது. இல்லாத ஐந்நூறு மாணவர்களை அது தானே உண்டாக்கும். சோதனை மாணவர் 1, சோதனை மாணவர் 2 என்று வரிசையாகப் பெயர் வைக்கும். அவர்களை இணையதளத்துக்குள் அனுப்பி, ஹால் டிக்கெட் எடுக்க வைத்து, வெளியே கொண்டுவந்து, எவ்வளவு நேரம் பிடித்தது என்று பார்த்துச் சராசரி சொல்லும். பிறகு மறுபடியும் உள்ளே அனுப்பும்.

பிரியங்கா இருக்கிற மாணவி. சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

அவள் சித்தேரி மலையில் சாமை போடுகிற தீர்த்தனின் மகள். படிப்பு முடிந்துவிட்டது, ஒரே ஒரு தாள் அரியர். அந்தத் தாளின் பெயர் மென்பொருள் சோதனை. அதில் தேறினால் வேலைக்கு வரலாம் என்று ஓசூரில் ஒரு கம்பெனி சொல்லியிருந்தது. அரியர் தேர்வு திங்கட்கிழமை. கல்லூரி தன்னாட்சி பெற்றது என்பதால் கேள்வித்தாள், ஹால் டிக்கெட், மார்க் எல்லாமே சொந்தத் தயாரிப்பு. ஹால் டிக்கெட் இணையதளத்தில் மட்டும்தான் கிடைக்கும். அதற்காக ஒரு வாரமாகப் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தாலும் சுற்றியது. தூங்கி எழுந்து பார்த்தபோது ஒருவழியாக நின்றிருந்தது. போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது.

வரவேற்பறையை ஒட்டிய தேர்வுப் பிரிவு ஜன்னலில் ராஜமேரி மேடம் இருந்தார். ஹால் டிக்கெட் வரவில்லை என்று பிரியங்கா சொன்னதும், அவர் தலையைக்கூடத் தூக்காமல் பேனாவால் டிவியைக் காட்டினார்.

"அதுல என்னா போட்டுருக்குது?"

"புள்ளி நாலுங்க மேடம்."

"அப்ப வந்துருச்சு."

"வர்லீங்க மேடம்."

"வந்துருச்சும்மா. நீ கண்ணச் சிமிட்டயில வந்துட்டுப் போயிருக்கும்."

பிரியங்கா கண்ணைச் சிமிட்டாமல் இன்னொரு முறை முயன்று பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. ஹால் டிக்கெட் வரவில்லை.

வேகமானிக்குப் பொறுப்பு உதவிப் பேராசிரியர் அந்தோணி பிரகாஷ். நல்ல மனிதர். அவருடைய அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் மொரப்பூர் ரயில் பாதை தெரியும். பிரியங்காவின் போனை மேஜைமேல் வைத்து, அவள் ஹால் டிக்கெட் பொத்தானை அழுத்தியதும் இருவரும் காத்திருந்தார்கள். ஒரு சரக்கு ரயில் போனது. பாசஞ்சர் வந்து, நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. பின்னால் வந்த எக்ஸ்பிரஸ் அதைத் தாண்டிப் போயிருக்கும் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. வேகமானி காட்டும் நேரம் தவறு என்று அந்தோணி பிரகாஷ் முதல்வருக்கு எழுதினார்.

முதல்வர் முனைவர் பெரியநாயகம் அதைப் படித்துவிட்டு அரைமணி நேரத்தில் ஒரு குழு அமைத்தார். மறுமொழி நேர முரண்பாட்டு ஆய்வுக் குழு. அதன் முன் இருந்த கேள்வி ஒன்றுதான்: தவறு வேகமானியிலா, பிரியங்காவிலா? வேகமானியைத் தாளாளர் குத்துவிளக்கு ஏற்றித் தொடங்கி வைத்திருந்தார். பிரியங்காவை அப்படி யாரும் தொடங்கி வைத்ததாகப் பதிவு இல்லை. எனவே ஆய்வைப் பிரியங்காவிடமிருந்து ஆரம்பிப்பது என்று முடிவாயிற்று.

வேகமானி தவறே செய்யாதது என்று சொல்ல முடியாது. வந்த புதிதில் அது ஒன்பது வினாடி காட்டியது. தாளாளர் அன்று மதியம் சாப்பிடவில்லை. மென்பொருளைத் திறந்து பார்த்ததில் காரணம் தெரிந்தது. ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததை அழுத்துவதற்கு முன் மனிதர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள் அல்லவா, அதற்காகச் சோதனை மாணவர்களுக்கும் 'யோசிக்கும் நேரம்' என்று சில வினாடிகள் ஒதுக்கியிருந்தார்கள். அந்த நேரத்தையும் சேர்த்துத் தளத்தின் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தது வேகமானி. அதைப் பிரித்து எழுதச் சொன்னால் போதும் என்றார் அந்தோணி பிரகாஷ். முதல்வருக்கு அது சுற்றுவழியாகப் பட்டது. யோசிக்கும் நேரத்தையே பூஜ்யமாக்கிவிட்டார். எண் சரசரவென இறங்கி 0.4-இல் நின்றது. லட்டு கொடுத்தார்கள். அதே கையோடு, தளத்துக்குள் இருக்கும்போது மாணவர்கள் யாரும் யோசிக்கக் கூடாது என்று சுற்றறிக்கையும் போட்டார்கள். அது ஏற்கெனவே வகுப்பறையில் நடைமுறையில் இருந்ததால் பெரிய எதிர்ப்பு எழவில்லை.

இந்த அனுபவத்தோடுதான் குழு கூடியது. கருத்தரங்க அறையில் பேனர் கட்டி, வரவேற்புரை முடித்து, பிரியங்காவை மேடையில் உட்கார வைத்தார்கள். இயந்திரவியல் துறைத் தலைவர் கையில் ஸ்டாப்வாட்ச் இருந்தது; விளையாட்டு விழாவுக்கு வாங்கியது. அவர் "ஸ்டார்ட்" என்றதும் பிரியங்கா பொத்தானை அழுத்தினாள். வட்டம் சுற்றியது. குழுவினர் டீ குடித்தார்கள். அரைமணி நேரம் கழித்துத் திரையின் மேல் ஓரத்தில் தாளாளரின் நெற்றி வந்தது. நெற்றியும் சந்தனப் பொட்டும். அதற்குக் கீழே எதுவும் வரவில்லை. ஆனாலும் குழுவினர் எழுந்து நின்றுவிட்டதால் அதுவே முடிவு என்று கருதி ஸ்டாப்வாட்ச் நிறுத்தப்பட்டது.

அரைமணி நேரம் என்று குறித்தாகிவிட்டது. இனி அதில் எவ்வளவு தளத்தினுடையது, எவ்வளவு பிரியங்காவினுடையது என்று பிரிக்க வேண்டும். முதலில் யோசிக்கும் நேரம்.

"பட்டன அமுக்கறப்ப எதாச்சும் யோசிச்சியாம்மா?" என்று கேட்டார் முதல்வர்.

"வருமா வராதான்னு யோசிச்சங்க சார்."

"ஒத்துக்கறா, எழுதிக்கங்க," என்றார் முதல்வர். பத்து நிமிடம் கழிக்கப்பட்டது. அப்புறம் விரல் தயக்கம் என்று ஐந்து நிமிடம் போனது. போன் பழையது, அதற்கு ஒரு ஐந்து. மீதி இருந்ததை என்ன செய்வது என்று குழு திகைத்தபோது, வேதியியல் பேராசிரியர் சவுரியப்பன் நல்ல எண்ணத்தோடு ஒரு கேள்வி கேட்டார். ஊர் எது? சித்தேரி என்றாள் பிரியங்கா. குழுவில் ஒரு வெளிச்சம் பரவியது. மலைமேல் டவர் கிடைக்காது, பஸ் திரும்புகிற வளைவில் ஒரு பாறைமேல் நின்றால்தான் சிக்னல் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். தான் இப்போது மலையில் இல்லை, மேடையில் இருப்பதாக அவள் சொல்லிப் பார்த்தாள். ஆள் எங்கே இருந்தாலும் ஊர் அதுதானே என்று பதில் வந்தது. சித்தேரியிலிருந்து கல்லூரிக்குப் பஸ் வந்து சேர இரண்டு மணி நேரம். மலைக்கழிவு என்ற தலைப்பில் அதையும் கழித்தார்கள்.

விடை மைனஸில் வந்தது.

கணக்கை மறுபடி போட்டார்கள். மறுபடியும் மைனஸ். ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கடைசியில் முதல்வர்தான் அதன் பொருளை விளக்கினார்.

"அதாவதும்மா, நீ கேக்கறதுக்கு முன்னாடியே உனக்கு வந்துருக்குது. காலேஜு அவ்வளவு ஃபாஸ்ட்டு. இதுக்குப் போயி கம்ப்ளெயிண்ட் குடுத்துருக்கற."

அந்தோணி பிரகாஷ் எழுந்து, தவறு அளக்கிற இடத்தில் இருக்கலாம் என்று மெதுவாகச் சொன்னார். அளக்கிற இடம் என்ற சொல் கேட்டதும் முதல்வருக்கு வியர்த்தது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது தாளாளர். எனவே குழுவின் இரண்டாவது அமர்வுக்குத் தாளாளரே நேரில் அழைக்கப்பட்டார்.

கல்வித்துறைக்கு வருவதற்கு முன் தாளாளர் இளம்பரிதி மாங்கூழ் ஆலை வைத்திருந்தார். டின்னில் அடைத்துச் சென்னைக்கு அனுப்புவார். இன்றும் எதைப் பேசினாலும் அதிலிருந்துதான் ஆரம்பிப்பார். பொன்னாடையைத் தோளில் சரிசெய்துகொண்டு மைக்கைப் பிடித்தார்.

"ஃபேக்டரில நான் என்னா பண்ணன்? ருசி பாக்கற ஆள கொப்பரைக்குப் பக்கத்துலயே ஒக்கார வெச்சன். சூடா ஒரு கரண்டி. எப்பவுமே ருசி ஏ ஒன். மெட்ராஸ்ல டின்ன ஒடச்சா புளிச்சிருக்குதுன்னு போன் பண்ணுவாங்க. நான் சொல்வன், ஏப்பா, புளிச்சது ரோட்டுல. என் கொப்பரைல புளிக்கலயே. அதே ஐடியாதான் இங்கியும். வேகமானியத் தனி ரூம்ல வெக்கறன்னு அந்தோணி சாரு சொன்னாரு. நான் வுடல. சர்வர் பொட்டிக்குள்ளயே வெச்சுட்டன். கேக்கறதும் உள்ள, பதில் சொல்றதும் உள்ள. கம்பி, டவரு, மழ, வெய்யிலு ஒண்ணும் அதத் தொட முடியாது."

கைதட்டல் ஓய்ந்ததும் அவர் இன்னும் கொஞ்சம் சொன்னார். பொதுவாக இந்த மாதிரிச் சோதனையை ஆண்டுக்கு ஓரிரு முறை செய்துவிட்டு நிறுத்திவிடுவார்களாம். தான் அப்படி இல்லை என்றார். டிவியில் எண் நின்றால் கல்லூரியே நின்ற மாதிரி. அதனால் வேகமானி எந்நேரமும் ஓட வேண்டும் என்பது தன் உத்தரவு.

அந்தோணி பிரகாஷ் மறுபடி எழுந்தார்.

"அதனாலதாங்க சார் மத்த பசங்களுக்கு எடமே கெடைக்கல. அந்த ஐந்நூறு பேரும் எந்நேரமும் வாசல அடைச்சிட்டு நிக்கறாங்க. சர்வரு அவங்களுக்குப் பதில் சொல்லியே அசந்து போவுது."

"நிக்கட்டும் சார்," என்றார் தாளாளர். "அந்த ஐநூறு பேரு மாதிரி ஒழுக்கமான பசங்கள நான் பாத்ததில்ல. லீவு கேக்க மாட்டாங்க. ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லன்னு சொல்ல மாட்டாங்க. சொன்ன நேரத்துக்கு உள்ள வருவாங்க, சொன்ன நேரத்துக்கு வெளிய போவாங்க. யோசிக்கறதே கெடையாது. இவுங்கதான் நடுவுல பூந்து அவுங்களத் தொந்தரவு பண்றது."

ஆய்வு முடிவு அங்கேயே எழுதப்பட்டது. வேகமானியின் துல்லியத்துக்கு இடையூறாக இருப்பது இருக்கிற மாணவர்கள் என்று கண்டறியப்பட்டிருக்கிறது. கல்லூரிக்குத் தரம் போட அடுத்த வாரம் வருகிற வெளிக்குழுவினர் திரும்பிப் போகும்வரை இருக்கிற மாணவர்கள் தளத்துக்குள் நுழையாமல் ஒத்துழைக்க வேண்டும். முதல்வர் நன்றியுரைக்குத் தயாரானார்.

பிரியங்கா இன்னும் மேடையில்தான் இருந்தாள். இறங்கச் சொல்ல யாருக்கும் நினைவில்லை.

"அப்ப எனக்கு ஹால் டிக்கெட்டுங்க?" என்றாள்.

தாளாளர் அவளைக் கனிவோடு பார்த்தார். "உள்ள இருக்கறவங்களுக்கு புள்ளி நாலு செகண்டுல வருது கண்ணு. நீ எதுக்கு வெளிய நிக்கற?"

அரங்கம் கைதட்டியது. நல்ல பேச்சின் நல்ல முடிவு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பிரியங்கா மட்டும் அதை வழி சொன்னதாக எடுத்துக்கொண்டாள்.

அவள் நேராக அந்தோணி பிரகாஷ் அறைக்குப் போனாள்.

"சார், என்னையும் உள்ள போட்டுருங்க."

அவருக்குப் புரிய ஒரு பாசஞ்சர் ரயில் போகிற நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரித்தார். அந்தக் கல்லூரியில் சேர்ந்த பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்ததாக அடுத்த அறைக்காரர்கள் சொல்கிறார்கள். வேகமானியைத் திறந்து, சோதனை மாணவர் 217-இன் பதிவு எண்ணை அழித்துவிட்டுப் பிரியங்காவின் எண்ணை அடித்தார். பெயரை மாற்ற வேண்டுமென்றால் வேகமானியை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் டிவியில் எண் போகும். எண் போனால் வேலை போகும். அதனால் பெயரைத் தொடவில்லை. நிமிர்ந்து பார்ப்பதற்குள் பிரிண்டர் கரகரத்து ஹால் டிக்கெட்டைத் தள்ளியது. பதிவு எண் பிரியங்காவுடையது. தாள், மென்பொருள் சோதனை. பெயர், சோதனை மாணவர் 217. சோதனை மாணவர்களுக்கு முகம் கிடையாது என்பதால் படக்கட்டத்தில் தாளாளர் வந்து உட்கார்ந்திருந்தார்.

"இதக் காட்டுனா வுடுவாங்களாங்க சார்?"

"தெர்லம்மா," என்றார் அந்தோணி பிரகாஷ். "இது இல்லன்னா நிச்சயமா வுட மாட்டாங்க. அது மட்டும் தெரியும்."

விடுதியில் விஷயம் அன்று மாலையே பரவியது. அரியர் இருந்த எல்லோருக்கும் அதே வட்டம்தான் சுற்றிக்கொண்டிருந்தது. மறுநாள் அந்தோணி பிரகாஷ் அறை வாசலில் ரேஷன் கடை மாதிரி வரிசை நின்றது. சோதனை மாணவர்கள் ஒவ்வொருவராக எண்ணைப் பறிகொடுத்தார்கள். அவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. தாளாளர் சொன்னது உண்மைதான், ஒழுக்கமான பிள்ளைகள்.

திங்கட்கிழமை தேர்வறைக் கண்காணிப்பாளர் சவுரியப்பன். முதல் பெஞ்சில் பிரியங்கா. அவர் ஹால் டிக்கெட்டைக் கையில் வாங்கி, படத்தைப் பார்த்தார். மீசை, பொட்டு, சால்வை. பிரியங்காவைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். பிரியங்கா மேஜைக்கடியில் விரல்களைக் கோத்து இறுக்கிக்கொண்டாள். ஓசூர், சம்பளம், சாமைக் காட்டை ஒட்டிப் போடலாம் என்று அப்பா சொன்ன போர்வெல் எல்லாம் இந்த ஒருவர் கையில் இருந்தது. விதிப்படி அவளை வெளியே அனுப்ப வேண்டும். அனுப்பினால் காரணம் எழுத வேண்டும். தாளாளர் படத்தோடு வந்தவரை இவர் அவர் அல்ல என்று எழுதுவதா, அல்லது தாளாளர் தேர்வெழுத வந்தார், நான் வெளியே அனுப்பினேன் என்று எழுதுவதா? சவுரியப்பன் நீண்ட நேரம் யோசித்தார். அந்த நேரத்தை யாரும் கழிக்கவில்லை. பிறகு அடுத்த பெஞ்சுக்குப் போனார். அங்கேயும் தாளாளர். அதற்கடுத்ததிலும். அவர் வரவேற்பறை டிவி தெரிகிற வராந்தாவுக்குப் போய் முதல்வருக்குப் போன் போட்டார்.

"படத்துல யாரு இருக்காங்க?" என்று கேட்டார் முதல்வர்.

"தாளாளருங்க சார்."

"ஹால்ல எத்தன பேரு?"

"நாப்பது பேருக்கு மேல இருக்குங்க சார். எல்லாருமே தாளாளருங்க."

"டிவில என்னா காட்டுது?"

"புள்ளி நாலுங்க சார்."

"அப்பறம் என்னா. எல்லாரையும் ஒக்கார வெய்யுங்க. ஃபேனு போட்டு வுடுங்க."

சவுரியப்பன் உள்ளே வந்து ஃபேனைப் போட்டார். பிரியங்காவின் ஹால் டிக்கெட்டை இரண்டு கையாலும் நீட்டினார். கேள்வித்தாளில் பதினாறு மார்க் கேள்வி இப்படி இருந்தது: மறுமொழி நேரத்தைச் சோதனைக் கருவிகள் தவறாகக் காட்டுவதற்கான காரணங்களைத் தகுந்த எடுத்துக்காட்டுடன் விளக்குக. பிரியங்கா முதலில் மாங்கூழில் ஆரம்பித்தாள். பிறகு அடிஷனல் ஷீட் கேட்டாள். மறுபடியும் கேட்டாள்.

வெளிக்குழுவினர் அந்த வாரமே வந்தார்கள். டிவியைப் பார்த்தார்கள். எத்தனை பேர் தளத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டார்கள். எந்நேரமும் ஐந்நூறு பேர் என்றார் முதல்வர். புகார் ஏதாவது? அந்த ஐந்நூறு பேரில் ஒருவர்கூடப் புகார் சொன்னதில்லை என்றார். அது முழு உண்மை. கல்லூரிக்கு உயர்ந்த தரம் கிடைத்தது.

தேர்வு முடிவு வந்தபோது மென்பொருள் சோதனையில் முதல் மார்க் எடுத்தவர் சோதனை மாணவர் 217. மார்க் பதிவு எண்ணுக்குத்தான் ஏறும் என்பதால் அது பிரியங்காவுக்கே வந்தது. பெயர் மட்டும் தவறு. அதைத் திருத்த இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்றார் ராஜமேரி மேடம், பேனாவால் டிவியைக் காட்டி. அந்தோணி பிரகாஷ் அந்த வேலையைச் சோதனை மாணவர் 218-இடம் கொடுத்தார். அவன் கண்ணிமைக்கும் நேரத்தில் விண்ணப்பித்து, கண்ணிமைக்கும் நேரத்தில் வாங்கிக் கொடுத்துவிட்டான். சான்றிதழில் பிரியங்கா, த/பெ தீர்த்தன் என்றே இருந்தது.

அவளை ஓசூருக்குப் பஸ் ஏற்றிவிடத் தீர்த்தன் மலையிலிருந்து வந்திருந்தார். கல்லூரி வாசலில் மூன்று ஆள் உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். மென்பொருள் சோதனைத் தாளில் முதலிடம் பெற்ற சோதனை மாணவர் 217 அவர்களைத் தாளாளர் வாழ்த்தி மகிழ்கிறார். இடது பக்கம் வாழ்த்துப் பெறுபவர் படம். வலது பக்கம் வாழ்த்துபவர் படம். இரண்டிலும் அதே மீசை, அதே பொட்டு, அதே சால்வை.

முதல் மார்க் எடுத்தவர்களுக்குப் படம் போடுவார்கள் என்று தீர்த்தனுக்குத் தெரியும். அவர் தலையை அண்ணாந்து ஃப்ளெக்ஸின் ஓரம்வரை தேடினார்.

"இதுல நீ எங்க கண்ணு?"

"ரெண்டுல ஒண்ணு நாந்தாம்ப்பா."

தீர்த்தன் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு மீசைகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவசரப்படவில்லை. நன்றாகப் பார்த்தார்.

"எடது பக்கந்தான?" என்றார். "வலது பக்கத்து ஆளு படிச்ச மாதிரியே தெர்ல."